நான் பார்க்காத ஆட்டங்கள்

கதவு என் முதுகுக்குப் பின்னால் சாத்தப்பட்டபோது இந்தியாவுக்கு இன்னும் முப்பத்தெட்டு ரன் வேண்டியிருந்தது. கையில் நான்கு விக்கெட். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அவசரத்தில் மாட்டிய செருப்பில் ஒன்று என்னுடையது, மற்றொன்று சாகுல் பாயுடையது.

துபாய்க்குப் பக்கத்தில், அஜ்மானில் ஒரு வெள்ளிக்கிழமை. இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ, சரியாக நினைவில்லை. எனக்கு நாற்பத்தைந்தை ஒட்டிய வயது. தலையில் பாதி முடி போயிருந்தது. பிற்பகல் மூன்று மணி. மூன்றாம் மாடி நடைவழியில் யாரோ மீன் வறுத்த வாடை நின்றுகொண்டிருந்தது.

"மரியதாஸு, செருப்பு மாறிட்டு வே. கதவத் தெற."

"செருப்ப அப்புறம் பாக்கலாம். நீரு மொதல்ல கீழ எறங்கும். படியிலயும் நிக்கப்பிடாது."

"ஒரு ஓவர் மட்டும் பாத்துட்டுப் போறேன்."

"ஒம்ம ஒரு ஓவர நாங்க போன மாசம் பாத்தாச்சு. மூணு விக்கெட்டு."

அது உண்மைதான். இறங்கினேன். இரண்டாம் மாடி திரும்பும்போது மேலே எங்கள் ரூமில் இருந்து கூச்சல் வந்தது. நான்கு ரன் போயிருக்க வேண்டும். மரியதாஸின் குரல் ஜன்னல் வழியாகக் கேட்டது.

"பாத்தீரா? அப்பிடியே நடந்துகிட்டே இரும்."

நடந்தேன். கால் ஒன்றில் பெரிய செருப்பு, ஒன்றில் சின்னது. விளையாட்டுப் பைத்தியம் என்று என்னை ஊரில் சொல்வார்கள். அந்தப் பைத்தியம் வளைகுடாவில் கழித்த ஏழெட்டு வருடங்களில் இந்தியா ஜெயித்த ஒரு ஆட்டத்தைக்கூடக் கடைசி வரை பார்த்ததில்லை.

யான்புவில் பிடித்த வினை

சவூதியின் யான்புவில் சாரம் கட்டிய நாட்களைப் பற்றி இந்தப் பக்கங்களில் முன்பே எழுதியிருக்கிறேன். அப்போது ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். சொல்லக் கூச்சமாக இருந்தது.

எண்ணெய் ஆலையை வருடாந்தரப் பராமரிப்புக்கு நிறுத்திவிட்டு எங்களைப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்குவார்கள். உடம்பெல்லாம் கந்தக வாடை. குளித்தாலும் போகாது, சோற்றிலும் அதுதான் இருக்கும். கேம்ப்பின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு டிவி. ஆட்டம் இருக்கும் நாளில் முந்நூறு பேர் அதன் முன்னால் உட்காருவோம்.

ஒரு நாள் காற்று கிளம்பிவிட்டது. மணல் விழுமுன் கொடியில் காயும் என் டூட்டி உடுப்பை எடுத்து வரலாம் என்று எழுந்து போனேன். வெளியே கால் வைத்ததும் உள்ளே சத்தம், சிக்ஸர். திரும்பி வந்து உட்கார்ந்தேன், விக்கெட். ஒரு காலுறை விட்டுப்போனது நினைவு வந்து மறுபடி போனேன், இரண்டு பவுண்டரி. வந்தேன், இன்னொரு விக்கெட்.

எங்கள் ஃபோர்மேன் ஒரு ஹைதராபாத்துக்காரர். கணக்கில் கெட்டி. பைப் எத்தனை அடி என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"பாயி, நீங்க வெளியவே இருங்க" என்று இந்தியில் சொன்னார். வெகு மரியாதையாகத்தான் சொன்னார்.

முந்நூறு தலைகள் திரும்பின. நான் எழுந்து போய் மணல்காற்றில் நின்றேன். இந்தியா ஜெயித்தது. யாரோ ஒருவன் வெளியே வந்து என்னைத் தூக்கிச் சுற்றினான். வாயெல்லாம் மண்.

அதோடு விட்டிருக்கலாம். யான்பு ஒப்பந்தம் முடிந்து, ஊர் போய், மறுபடி கிளம்பி அஜ்மானுக்கு வந்த புதிதில் ரூமில் வேடிக்கையாக இதைச் சொல்லிவைத்தேன். வாய் சும்மா இருக்காது எனக்கு. மரியதாஸ் சிரிக்கவில்லை. அவன் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன், ஏசி மெக்கானிக், எங்கள் ரூமுக்குப் பெரியவன்.

"சோதிச்சிப் பாப்பம்" என்றான்.

சோதித்தார்கள். சரியாக இருந்தது. ஆறேழு ஆட்டம் சரியாக இருந்ததை வைத்துக்கொண்டு, சரியில்லாமல் போனவற்றை எல்லோரும் மறந்துவிட்டோம். நானும்தான்.

ஆளுக்கோர் இடம்

ரூமில் ஆறு பேர். இருமாடிக் கட்டில் மூன்று. ஆட்டம் நடக்கும்போது யாரும் இடம் மாறக்கூடாது. மரியதாஸ் கீழ்க்கட்டிலில் ஈரத்துண்டைத் தோளில் போட்டு உட்காருவான். துண்டு காய்ந்தால் நனைத்துத் தருவதற்கு ஒரு ஆள். சாகுல் பாய் வாசலை ஒட்டி வலது காலை மடக்கி. அவர் கீழக்கரைக்காரர், துபாயின் தேராவில் மசாலாக் கடை வேலை, அவர் சட்டையில் எப்போதும் ஏலக்காய் மணக்கும். கால் மரத்துப்போய் ஒரு முறை எழ முடியாமல் இரண்டு பேர் தூக்கி நிறுத்தினோம். அப்போதும் ஓவர் முடியட்டும் என்றுதான் காத்திருந்தார்.

என் இடம் வெளியே.

இதை எனக்கு யாரும் அநியாயமாகச் செய்யவில்லை. நானே நம்பினேன். படிப்பு எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் அந்த நம்பிக்கைக்கும் படிப்புக்கும் சம்பந்தமில்லை. மாடியில் ஒரு இன்ஜினியர் இருந்தார், விக்கெட் விழவேண்டும் என்றால் இடது கையால் டீ குடிப்பார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு உட்காரவும் வராது. பம்பாயில் இரண்டு வருடம், யான்புவில் மூன்று, இடையில் ஊரில் ஒன்றிரண்டு தொழில் என்று எங்கும் நிலைத்ததில்லை. கடைசி ஐந்து ஓவர் வந்தால் தொடை தானாக ஆடத் தொடங்கும். போ என்று சொன்னதில் உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்திருக்கலாம்.

ஜன்னல்கள் சொன்ன ஸ்கோர்

வெளியே அனுப்பப்பட்டவனுக்கு அஜ்மானே ஸ்கோர் போர்டு. எங்கள் தெருவில் நான்கு கட்டடம். முதல் இரண்டில் நம் ஆட்கள், மலையாளிகள். மூன்றாவதில் பாகிஸ்தானிகள். நான்காவதில் வங்காளதேசத்துக்காரர்கள், அவர்கள் அன்றைக்கு யார் பக்கம் என்று சொல்ல முடியாது. எந்தக் கட்டடம் கத்துகிறது, எவ்வளவு நேரம் கத்துகிறது என்பதை வைத்து ஆட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவேன். பவுண்டரிக்குச் சின்னக் கூச்சல். சிக்ஸருக்குப் பாத்திரம் தட்டுவார்கள். விக்கெட் என்றால் எதிர்க் கட்டடம்.

சலூன் கண்ணாடியில் டிவி தெரியும். அதைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கேட்பது மட்டும்தான் எனக்கு அனுமதி. கஃபேட்டீரியா மலையாளி விரல்களால் எவ்வளவு ரன் தேவை என்று காட்டுவான், பேசமாட்டான். அவனுக்கும் பயம்.

ஒரு இந்தியா–பாகிஸ்தான் ஆட்டத்தன்று நடந்தது இது. நான் கீழே நின்றுகொண்டிருந்தேன். மூன்றாவது கட்டடத்துப் பட்டாணி டாக்ஸி டிரைவர் ஒருவர் சிரித்தபடி வந்தார். ஆறடி ஆள். என் கையைப் பிடித்தார்.

"ஆவோ பாய். எங்க ரூமுக்கு வாங்க. பெரிய டிவி. சாய் போட்டிருக்கோம்."

பாசமான மனிதர் என்று நினைத்துக் கூடவே போனேன். ரூமில் எட்டுப் பேர். எனக்கென்று டிவிக்கு நேர் எதிரே ஒரு மெத்தை நாற்காலி. சாய், பிஸ்கட், தலைக்குப் பின்னால் வைக்கத் தலையணை. உட்கார்ந்த மூன்றாம் பந்தில் நம் ஆள் ஒருவன் அவுட். எட்டுப் பேரும் என் தோளைத் தட்டினார்கள். அப்போதுதான் புரிந்தது, என் புகழ் தெரு தாண்டியிருக்கிறது.

பத்து நிமிடத்தில் கதவு இடிபட்டது. மரியதாஸ்.

"எங்க ஆள எங்ககிட்ட தாங்க" என்றான் அவனுக்குத் தெரிந்த இந்தியில்.

"விருந்தாளி, சாய் குடிச்சிட்டுப் போவார்" என்றார் பட்டாணி.

ஒருவர் இடது கையைப் பிடித்தார், மரியதாஸ் வலது கையைப் பிடித்தான். கடைசியில் என்னை இரண்டு கட்டடத்துக்கும் பொதுவாகத் தெருவில் விடுவது என்று பேசி முடித்தார்கள். இரண்டு நாடும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சில அபிப்பிராயங்கள்

வெளியே நடப்பவனுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். அதனால் எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு.

தோற்கப்போகிறது என்று தெரிந்ததும் டிவியை அணைக்கிறவன் ரசிகன் இல்லை. தோற்று வந்தவனின் வீட்டில் கல் எறிகிறவன் அதைவிடக் கீழ். அவன் சதம் அடித்த நாளில் நீ அவனுக்கு ஒரு டீயாவது வாங்கிக் கொடுத்தாயா? புதிதாக வந்த இருபது ஓவர் ஆட்டம் ஊறுகாயை மட்டும் சாப்பிடுவது மாதிரி. இப்படிச் சொன்னதற்கு ரூமில் எல்லோரும் என்னைக் கிழவன் என்றார்கள்.

எனக்குப் பிடித்தது வாலிபால். பந்தை யாரும் கையில் வைத்து யோசிக்க முடியாது. வந்ததை உடனே அனுப்பியாக வேண்டும். என் சுபாவத்துக்கு ஒத்த ஆட்டம்.

சில மாலைகளில் அஜ்மான் கால்பந்துக் கிளப் ஆட்டத்துக்கும் போவேன். டிக்கெட் இல்லாமலே விடுவார்கள். கூட்டம் அதிகம் இருக்காது. ஒரு மூலையில் ஒரு கோஷ்டி கைதட்டி, மேளம் அடித்துத் தொண்ணூறு நிமிடமும் பாடிக்கொண்டே இருக்கும். எனக்கு எந்தப் பக்கமும் வேண்டியவர்கள் இல்லை. என்னால் யாருக்கும் தோல்வி வராது. காலை நீட்டி உட்கார்ந்து பார்ப்பேன். வேண்டாதவர்கள் ஆடுவதைப் பார்க்கும்போதுதான் எனக்கு நிம்மதி. வேண்டியவர்கள் ஆடினால் ஓடிவிடுவேன். இது எவ்வளவு கோணல் என்று அப்போது உறைக்கவில்லை.

வனிதாவின் போன்

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். மாறிய செருப்போடு கஃபேட்டீரியா வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மலையாளி பத்து விரலையும் காட்டிவிட்டு ஒரு விரலை மடக்கினான். ஒன்பது ரன். அப்போது சட்டைப் பையில் போன் அடித்தது. ஊர் நம்பர். மிஸ்டு கால் கொடுத்துவிட்டு வைத்தார்கள். கார்டைச் சுரண்டி நான் கூப்பிட்டேன்.

"யப்பா, நாங்க ஃபைனல் வந்துட்டோம்" என்றாள் என் மகள்.

வனிதா அப்போது பத்தாம் வகுப்பு. திருச்செந்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். அவள் பள்ளிக்கூட வாலிபால் அணியில் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற இடம் அவளுடையது. மற்றவள் ஓங்கி அடிப்பாள், கைதட்டு அவளுக்குப் போகும். தூக்கிக் கொடுக்கிறவள் இல்லாவிட்டால் அடியே இல்லை. மாவட்டம் தாண்டி மாநில அளவில் ஃபைனல்.

"அடுத்த வெள்ளிக்கிழமை காலம்பற. திருச்சில. யப்பா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு தாயி."

"அம்மா செல்ல கையில வச்சிருப்பா. நீங்க லைன்ல இருங்க. பேசாண்டாம். சும்மா இருந்தாப் போதும்."

"சரி" என்றேன். அந்த நேரத்தில் முதல் இரண்டு கட்டடமும் ஒன்றாகக் கத்தியது. இந்தியா ஜெயித்துவிட்டது. மலையாளி இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். வனிதா அந்தச் சத்தத்தில் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை.

மகளின் ஆட்டத்தை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். முந்தைய வருடம் லீவில் போனபோது. பஸ் தாமதம். நான் மைதானத்துக்குள் நுழையும்போது அவள் அணி முன்னால் இருந்தது. நான் போய் வேலியோரம் நின்றேன். அவள் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பாயிண்டாகப் போய்த் தோற்றார்கள்.

அடுத்த ஆட்டம் நான்கு நாளில். கிளம்பிப் போனேன். ஆனால் உள்ளே போகவில்லை. பஸ் நிலையத்தில் உட்கார்ந்து நான்கு டீ குடித்தேன். அவர்கள் ஜெயித்தார்கள்.

"வந்தியளா?" என்று வீட்டுக்கு வந்து கேட்டாள்.

"பேங்க்ல வேலை இருந்திச்சி" என்றேன்.

காரணம் சொல்லவில்லை. அப்பன் ராசியில்லாதவன் என்று மகளிடம் எப்படிச் சொல்வது? அந்த லீவிலேயே என் மச்சினன் வந்து, வயசுக்கு வந்த பிள்ளை கால்சட்டை போட்டு ஊர் ஊராக ஆடுவது நல்லாவா இருக்கு என்று கேட்டான். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவனோடு எதற்கு வாய் கொடுப்பது என்று செய்தித்தாளைத் திருப்பிக்கொண்டேன். வனிதா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

எந்த ஜன்னலும் கத்தாத காலை

ஃபைனலன்று ரூமே தயாராக இருந்தது. மரியதாஸ் இரண்டு போன் கார்டு வாங்கி வந்திருந்தான். ஸ்பீக்கர் நன்றாகக் கேட்கும் என்று சாகுல் பாய் தன் செல்லை எவர்சில்வர் கிண்ணத்தில் நிறுத்தினார். என் மனைவி பேச்சி லைனில் வந்தாள். பின்னால் விசில், பெண்பிள்ளைகளின் சத்தம்.

"யப்பா, இருக்கியளா?" வனிதாதான்.

"இருக்கேன் தாயி. நல்லா ஆடு."

அவள் ஓடும் காலடி கேட்டது. நான் எழுந்து செருப்பைத் தேடினேன். அன்றைக்கு யாரும் என்னை வெளியே போகச் சொல்லவில்லை.

"எங்க வே போறீரு?" என்றான் மரியதாஸ்.

"நீங்க கேளுங்க. நான் நடந்துட்டு வாரேன்."

"இது ஒம்ம மகளு ஓய்."

"அதனாலதான்."

சாகுல் பாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். காலை மட்டும் நகர்த்தி வழி விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அஜ்மான் செத்துக் கிடக்கும். கடை திறக்காது. வாரம் முழுக்க விடியுமுன் எழுந்து துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் வண்டி பிடித்து ஓடுகிற ஊர், அன்று ஒரு நாள் தூங்கும். நான் தெருவில் நடந்தேன். வழக்கம்போலக் காது ஜன்னல்களுக்குப் போனது. எந்த ஜன்னலும் கத்தவில்லை. முதல் கட்டடத்தில் ஏசி ஓடுகிறது. மூன்றாவதில் யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள். என் மகளின் ஸ்கோரை எனக்குச் சொல்ல அந்த ஊரில் ஒரு ஜன்னல் இல்லை.

கடற்கரை வரை போனேன். மீன் சந்தையைச் சுற்றினேன். படகு செய்யும் இடத்தில் மரத்தூள் வாசம். ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கைகள் தானாக மேலே போய் இல்லாத பந்தைத் தூக்கிக் கொடுத்தன. ஒரு வங்காளி துப்புரவுக்காரர் துடைப்பத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஜும்மா தொழுகைக்கு ஆட்கள் குளித்து வெள்ளையாக வரத் தொடங்கியபோது திரும்பினேன்.

மாடிப்படியில் கால் வைத்ததும் மரியதாஸ் மேலே இருந்து ஓடி வந்தான்.

"ஜெயிச்சாச்சி வே. ரெண்டு செட்டு போயி, மூணு செட்டு எடுத்துட்டாவ. என்ன ராசி ஓய் ஒமக்கு."

ரூமில் சேமியா கிண்டினார்கள். நான் இரண்டு தட்டு தின்றேன். பிறகுதான் சாகுல் பாய் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, ரெண்டாவது செட் முடிஞ்சதும் புள்ள போனுக்கு வந்துச்சு. 'யப்பா'ன்னுச்சு. நாங்க யாரும் வாய் தெறக்கல. மறுபடி கூப்பிட்டுச்சு. மரியதாஸ்தான், அப்பா பாத்ரூம் போயிருக்காவன்னு சொல்லிட்டாரு."

"அவ என்ன சொன்னா?"

"'சரி மாமா'ன்னுச்சு."

மறுநாள் கூப்பிட்டேன். பேச்சிதான் எடுத்தாள். பிள்ளை பேசமாட்டேன் என்கிறாள் என்றாள்.

கயிற்றுச் சுருளுக்கு இடையில்

அப்போது எனக்கு வேலை தேராவில், கப்பலுக்குச் சாமான் கொடுக்கும் கடையில். கயிறு, தார், பெயிண்ட், பாய்த்துணி. கடைக்குப் பின்னால் கயிற்றுச் சுருள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். அங்கே நின்று பேசினால் முதலாளிக்குக் கேட்காது.

இரண்டு வாரம் கழித்துப் பேச்சி சொன்னாள். விளையாட்டு விடுதியில் வனிதாவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. தங்கிப் படித்துக்கொண்டே ஆடலாம். அப்பா சம்மதம் என்று விண்ணப்பப் பாரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். மாதம் முடிவதற்குள்.

"எழுதிக் குடு."

"அவ பாரத்தையே மடிச்சி வச்சிட்டா. அப்பாவுக்கு இஷ்டமில்லாத எடத்துக்கு நான் போகலங்கா."

எனக்குப் புரியவில்லை. வனிதாவைக் கூப்பிடு என்றேன். அவள் வரும்வரை கார்டில் நேரம் ஓடியது.

"எனக்கு இஷ்டமில்லன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லாண்டாம். தெரியும்லா. மாமா பேசும்போது சும்மா இருந்திய. ஊர்ல இருக்கும்போதே மேட்ச் பாக்க வரல. போன்லயாவது இருங்கன்னேன், அதுக்கும் இல்ல. பொட்டப்புள்ள ஆடுறது ஒங்களுக்குப் புடிக்கல. சொல்லிட்டுப் போங்களேன்."

தார் வாசம் தலைக்கு ஏறியது. யான்பு, மணல்காற்று, ஹைதராபாத்துக்காரர், பஸ் நிலையத்து நான்கு டீ என்று எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னேன். என் வாயாலேயே கேட்கும்போது எனக்கே அசிங்கமாக இருந்தது. பட்டாணி ரூமில் உட்காரவைத்த நாற்காலியையும் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் சிரிக்கவில்லை.

"அப்ப ஃபைனல்ல ஜெயிச்சது?"

"நான் நடந்தேன்லா, கடற்கரை வரைக்கும்."

"ரெண்டு செட் போனப்பறம் என் வெரலு வீங்கிட்டு. துணி சுத்திக்கிட்டு மூணு செட்டும் நான்தான் பந்து தூக்குனேன். நீங்க அங்க நடந்ததுனாலயா ஜெயிச்சோம்?"

கயிற்றுச் சுருளின் நுனி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுங்க. நான் தூக்குனதுனாலயா, நீங்க நடந்ததுனாலயா?"

முதலாளி முன்னால் இருந்து 'யல்லா, யல்லா' என்று அவசரப்படுத்தினார். லாஞ்சில் ஏற்ற வேண்டிய பெயிண்ட் டின்கள் காத்திருந்தன.

"நீ தூக்குனதுனாலதான்" என்றேன்.

"அப்பிடின்னா அடுத்த மேட்ச்சுக்கு இருங்க. முழுசா. அதுக்கப்பறம் பாரத்தப் பாக்கலாம்." வைத்துவிட்டாள்.

உட்கார்ந்து கேட்டது

அடுத்த ஆட்டமும் ஒரு வெள்ளிக்கிழமைதான். பக்கத்து மாவட்டத்துப் பள்ளிக்கூடத்தோடு. நான் கீழ்க்கட்டிலில் மரியதாஸின் இடத்தில் உட்கார்ந்தேன். ஸ்பீக்கர் வேண்டாம் என்று போனைக் காதில் வைத்துக்கொண்டேன்.

"ஓய், புள்ளைக்கு நல்லது நெனச்சா எந்திரியும்" என்றான் மரியதாஸ். அவன் கேலி செய்யவில்லை. நிஜமாகவே பயந்தான்.

"எந்திரிக்க மாட்டேன்."

பேச்சிக்கு ஆட்டம் தெரியாது. நடப்பதைச் சொல்லச் சொன்னால், "இப்ப எவளோ கையத் தட்டுதா. நம்ம புள்ளைகளான்னு தெரியல. ஒருத்தி விழுந்துட்டா. முருகா, எந்திரிச்சிட்டா" என்றுதான் சொல்வாள். பந்து கையில் படும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. படார் என்று ஒன்று அடிக்கிற கை. அதற்கு முன்னால் மெத்தென்று ஒரு சின்ன ஒலி வரும், வராத மாதிரி வரும். அது என் மகளின் விரல் என்று வைத்துக்கொண்டேன்.

முதல் செட் போனது. இடைவேளையில் அவள் வந்து, "இருக்கியளா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். இரண்டாவது செட்டும் போனது. தொடை ஆடத் தொடங்கியது. ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்தேன். எழுந்து போய்விடு, பிள்ளை ஜெயிக்கட்டும், பிறகு ஒரு பொய் சொல்லிக்கொள்ளலாம் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. இவ்வளவு வருடத்தில் எத்தனையோ ஊரை விட்டுச் சுலபமாக எழுந்து வந்திருக்கிறேன். அந்தக் கட்டிலில் இருந்து எழாமல் இருப்பதற்குப் பட்ட பாடு யான்புச் சாரத்தில் பட்டதில்லை. சாகுல் பாய் ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார். காது சுட்டது. கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மூன்றாவது செட்டும் போனது. நீளமாக ஒரு விசில், பிறகு வேறு பக்கத்துப் பிள்ளைகளின் கூச்சல். அது மட்டும் எனக்கு எந்த ஜன்னலும் சொல்லாமலே தெரிந்தது.

செல் கை மாறியது. மூச்சு வாங்கும் சத்தம்.

"யப்பா, இருந்தியளா?"

"இருந்தேன்."

"தோத்துட்டோம்."

"கேட்டேன்."

"நான் சொன்னேன்லா, எந்திரியும்னு" என்றான் மரியதாஸ் என் பக்கத்தில். அது அவள் காதிலும் விழுந்துவிட்டது.

"அந்த மாமாட்டச் சொல்லுங்க. எட்டு சர்வீஸ வலையில அடிச்சோம். அதுல ரெண்டு என்னோடது. அதான் தோத்தோம். வேற ஒண்ணும் கெடையாது." கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். "பாரத்த நாளைக்கே குடுத்துருதேன். போன அம்மாட்டக் குடுக்கட்டா?"

"இரு, வைக்காத" என்றேன். "அந்த ரெண்டும் எப்பிடிப் போச்சு? அதச் சொல்லு."

"மொதல்ல அடிச்சது கை வழுக்கிட்டு" என்றாள். "ரெண்டாவது, நீங்க கேட்டுக்கிட்டு இருக்கியன்னு நெனச்சேன், பயந்துட்டேன்."